அப்பா நடித்த படம்

இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். காரில் ஏறி உட்கார்ந்ததும் அப்பா கேட்டார்.

"அரசு போன் பண்ணுனானா? படம் எப்ப வருதாம்?"

முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வந்துரும்ப்பா" என்றேன்.

"வந்துரும் வந்துரும்னு ரெண்டு வருசமா சொல்றீங்க" என்றார் அப்பா. கறம்பக்குடி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தார்.

அப்படி ஒரு படம் கிடையாது. அப்பாவுக்கு மட்டும் அது தெரியாது.

அண்ணன் கவியரசன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் சூப்பர்வைசர். ரெண்டு வருடம் முன்னால் அம்மாவையும் அப்பாவையும் அங்கே வரவழைத்து, ஒரு உல்லாசக் கப்பலில் மூன்று நாள் கூட்டிப் போனான். எனக்குக் கடைசி செமஸ்டர் தேர்வு. மாடு வேறு கன்று போட்டிருந்தது. நான் போகவில்லை. அதனால் கப்பலில் நடந்தது எல்லாம் எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்பா ஆண்டியப்பன் எதையும் சும்மா செய்கிறவர் இல்லை. எங்கள் வீட்டில் சும்மா என்பது ஏறக்குறைய ஒரு கெட்ட வார்த்தை. நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றால், "என்ன சும்மா நிக்கிற?" என்பார். சொந்தக்காரர் யாராவது வந்தால், "என்ன சோலியா வந்தீங்க?" என்று கேட்பார். "சும்மாதான் மாமா, பாத்துட்டுப் போகலாம்னு" என்று அவர்கள் சொன்னால் அப்பாவுக்கு முகம் மாறிவிடும். வந்தவர் எதையோ மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் வண்டியை எடுத்துவிடுவார். கஜா புயலில் தென்னை எல்லாம் சாய்ந்த மறுநாளே அரிவாளோடு தோப்பில் நின்றவர். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. உட்காரவில்லை என்று தெரியும்.

கப்பலில் முதல் நாள் முழுக்க அவர் அறையை விட்டு வெளியே வரவில்லையாம்.

"தண்ணிய என்னத்தப் போயிப் பாக்குறது? நம்ம கெணத்துலயுந்தான் தண்ணி கெடக்கு" என்று படுத்துக்கொண்டாராம். அண்ணன் சண்டை போட்டு மறுநாள் சாயங்காலம் மேல்தளத்துக்கு இழுத்துப் போயிருக்கிறான். அங்கே எல்லோரும் ஆளுக்கொரு மூலையில், ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். ஒருத்தன் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தானாம். யாரும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம்தான் அந்தப் பெண் வந்திருக்கிறாள். குள்ளமாக, வெள்ளை உடுப்பில். பிலிப்பைன்ஸ்காரி. பெயர் மரிசெல்.

"கப்பல்ல என்னா இருக்கு?" என்று அம்மா விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் சொல்வாள். "எரும மாதிரி ஒரு கட்டடம், சுத்தித் தண்ணி. அந்தப் புள்ள இல்லேன்னா தின்னுபுட்டுத் தூங்கிட்டு வந்துருப்போம். அது வந்து நின்னு நாலு வார்த்த பேசுனுச்சு பாரு, ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க ஆரம்பிச்சுட்டாக. அம்புட்டுப் பேரும் ஒரே கல்யாணத்துக்கு வந்த ஆளுக மாதிரி ஆயிட்டோம்."

மரிசெல் சட்டையில் குத்தியிருந்த அட்டையை அப்பா எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். எட்டாவது வரை போனவர். உர மூட்டையிலும் சினிமா போஸ்டரிலும் பார்த்துப் பார்த்து இங்கிலீஷ் பெரிய எழுத்து அவருக்கு வரும்.

"ஏண்டா அரசு, இந்தப் புள்ள டைரக்டரா?"

"ஆமாப்பா. க்ரூஸ் டைரக்டர்."

"படத்துப் பேரா?"

அண்ணனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆமாப்பா, படத்துப் பேருதான். க்ரூஸு" என்றிருக்கிறான்.

க்ரூஸ் என்றால் உல்லாசக் கப்பல் பயணம், அதில் ஆட்டம் பாட்டத்தை நடத்துகிறவர் க்ரூஸ் டைரக்டர். ஆனால் எங்கள் ஊரில் டைரக்டர் என்றால் சினிமா எடுப்பவர்தான். வேறு டைரக்டர் கிடையாது. கப்பல் போட்டோக்காரர்கள் வேறு பெரிய பெரிய கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்தார். "வேட்டிய மாத்திட்டு வாரேன்" என்று அறைக்குப் போய், வெள்ளை வேட்டி சட்டை போட்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து, அந்தப் பெண் முன்னால் போய் நின்றார். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா ஆடினார்.

இதை அம்மா சொன்னபோது நான் நம்பவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே அழகுமலை டீக்கடையில் அப்பாவே சொல்லிவிட்டார். அதிலிருந்து அவருக்கு அங்கே ஹீரோ என்று பெயர்.

"வாங்க ஹீரோ. ஜோடி யாரு, நம்ம ஊருப் புள்ளயா?"

"ஜோடியெல்லாம் இல்லப்பா. குரூப் டான்சு."

"சம்பளம் எம்புட்டு மாமா?"

"சம்பளம் தரல. மூணு நேரமும் சோறு போட்டாங்கள்ல."

கடையே சிரிக்கும். அப்பா சிரிக்க மாட்டார். செய்த வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் எப்போதும் அப்படித்தான்.

அண்ணன் போன் பண்ணும்போதெல்லாம் அப்பா கேட்பார். எடிட்டிங் நடக்குதுப்பா என்பான். அடுத்த மாதம் டப்பிங் என்பான். பாட்டு இன்னும் ரெடியாகல என்பான். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருக்கும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். அம்மா மட்டும் சிரித்ததில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அவளுக்கும் இது புரியவில்லையோ என்று நான் நினைத்ததுண்டு.

பிறகு அப்பாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது.

உடம்பு இளைக்க இளைக்க அவர் பேச்சும் குறைந்தது. தோப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. படத்தைப் பற்றி மட்டும் கேட்டார். காலையில் கஞ்சி கொடுக்கும்போது கேட்பார். மாத்திரை கொடுக்கும்போது கேட்பார்.

"நான் இருக்கும்போதே வந்துருமா?"

அண்ணன் போனில் அழுதான். "ரஞ்சி, இப்ப நான் எப்புடிச் சொல்லுவேன்? நீ பக்கத்துல இருக்க. பக்குவமா நீ சொல்லிரு."

"சரிண்ணே" என்றேன். போனை வைத்த பிறகு, "நீங்கதானே சொன்னீங்க, நீங்களே சொல்லுங்க" என்றேன். எனக்கு எப்போதும் அப்படித்தான். பேச்சு, ஆள் போன பிறகுதான் வரும்.

சொல்வதற்குப் பதிலாக நான் தேடினேன். அண்ணன் பழைய போன் உடைந்துபோய் அதில் எடுத்திருந்த கப்பல் வீடியோவும் போய்விட்டது. கப்பல் பெயரையும் மரிசெல் பெயரையும் போட்டுத் தேடினேன். இன்ஸ்டாகிராமில் இருந்தாள். கையில் ஒரு குழந்தை. எழுதி எழுதி அழித்துவிட்டு, கடைசியில் நாலு வரி இங்கிலீஷில் அனுப்பினேன். என் அப்பா உங்கள் கப்பலில் ஆடினார். வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். இப்போது அவருக்கு உடம்பு முடியவில்லை. அந்த வீடியோ உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா?

ரெண்டு மூன்று நாளில் பதில் வந்தது. கப்பல் வேலையை விட்டுவிட்டாளாம். ஊரில் குழந்தையோடு இருக்கிறாளாம். "எவ்வளவோ பேரோடு ஆடியிருக்கிறேன். மன்னித்துக்கொள், உன் அப்பாவின் முகம் நினைவில் இல்லை. ஆனால் ஆடி முடித்ததும் தரையைத் தொட்டுக் கும்பிட்ட ஒருவரை மறக்க முடியவில்லை. அவர்தானா?"

அவர்தான். களத்து வேலை முடிந்தால் அப்பா அப்படித்தான் செய்வார்.

கூட வேலை பார்த்த ஒருவனிடம் கேட்டு வீடியோவை வாங்கி அனுப்பினாள். மோட்டார் ரூம் பக்கம் போய் நின்று தனியாகப் பார்த்தேன்.

அப்பாவின் ஆட்டம் பெரிய ஆட்டம் இல்லை. இந்தக் காலை எடுத்து வைத்து அந்தக் காலை எடுத்து வைக்கிறார். விதை தூவுகிற மாதிரி கை வீசுகிறார். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியாத முகம். பல் எல்லாம் தெரிகிறது. நடுவில் ஒரு பக்கமாகத் திரும்பி, வா வா என்று யாருக்கோ கையை நீட்டுகிறார். அங்கே நாற்காலியில் அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். அப்பா கையை இறக்கவில்லை. நீட்டியபடியே நிற்கிறார். மரிசெல் ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

அம்மா கொல்லையில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். போனைக் கொடுத்தேன். பார்த்தாள். முடிந்த பிறகும் கறுப்பாகிவிட்ட திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ சினிமாக்காரி இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள்.

"தெரியுமா? அப்பறம் ஏம்மா அப்பாட்ட சொல்லல?"

"சொன்னா ஒக்காந்துருவாரு."

ஒரு கடலையை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டாள்.

"வேலன்னு நெனச்சுல்ல ஆடுனாரு. அவ டைரக்டரு, ஆடச் சொல்றா, நம்ம ஆடணும். அம்புட்டுத்தான் அவருக்கு. நீங்க சந்தோசமா இருங்கன்னு சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பாரா? நான் சொல்லாததா? கட்டிக்கிட்டு வந்ததுலருந்து சொல்லிப் பாத்துட்டேன்."

"நீ ஏன் ஆடப் போகல?"

"பக்கத்துல போனா எம் மொகத்தப் பாத்தே கண்டுபிடிச்சுருவாரு. இதத் தவிர நான் அவருட்ட எதையும் மறைச்சதில்ல. மறைக்கத் தெரியாது." கொஞ்ச நேரம் உடைத்தாள். "தூரமா ஒக்காந்து பாத்தாப் போதும்னு இருந்துட்டேன்."

காட்டலாமா வேண்டாமா என்று கேட்டேன். அம்மா முறத்தைப் புடைத்துவிட்டு, "காட்டு. கேட்டுக்கிட்டே கெடக்காரு. இதுதான் படம்னு சொல்லிரு" என்றாள்.

மறுநாள் மதியம் போனை டிவியோடு இணைத்தேன். கட்டிலை டிவிக்கு எதிரே இழுத்துப் போட்டோம். படம் வந்துவிட்டது என்றதும் அப்பா சட்டை கேட்டார். வெள்ளைச் சட்டையை அம்மா போட்டுவிட்டாள். தோளில் நிற்கவில்லை. தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தோம்.

போட்டேன். அப்பா கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தார். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானா?"

"ஒங்க சீன் இதாம்ப்பா."

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். இந்தத் தடவை அவர் தன்னைப் பார்க்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். நாற்று நட்ட வயலை வரப்பில் நின்று பார்க்கிற பார்வை.

"நிப்பாட்டு. அந்தா எம் பின்னாடி ஒருத்தன் போன்ல பேசிக்கிட்டே குறுக்க போறான் பாரு. சூட்டிங்ல விடுவாங்களா?"

நான் நிறுத்தினேன்.

"அங்கிட்டு ஒரு புள்ள ஐஸ் தின்னுக்கிட்டு நிக்கிது. லைட்டு இல்ல. ஸ்டார்ட்டுன்னும் சொல்லல, கட்டுன்னும் சொல்லல." மூச்சு வாங்கினார். "ரஞ்சி, படம் எடுக்கலையா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அவரைப் பார்த்தாள். அவளால் மறைக்க முடியவில்லை.

"எடுக்கல" என்றாள்.

"அப்ப அந்தப் புள்ள எதுக்கு ஆடச் சொல்லுச்சு?"

"சும்மாதாங்க."

"சும்மாவா?"

"அதாங்க அவ வேல. கப்பல்ல வாரவுக சிரிச்சுப் பேசிச் சந்தோசமா இருக்கணும். அதப் பாத்துக்கிறதுக்குத்தான் அவ."

"அதுக்குன்னு ஒரு ஆளா? சம்பளம் போட்டு?"

"ஆமாங்க."

அப்பா சட்டையைக் கழற்றச் சொன்னார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று கஞ்சி குடிக்கவில்லை. நான் அடுப்படியில் போய் நின்றேன். காட்டியிருக்க வேண்டாம். என்ன செய்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் தெரியவில்லை. கல்லூரி லேபில் தப்பாகப் போன சோதனையைத் திரும்பச் செய்ய விடுவார்கள்.

காலையில் அம்மா அவருக்கு ஈரத்துணியால் கால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பால் செம்போடு வாசல்படியில் நின்றேன்.

"செவந்தி" என்றார் அப்பா.

"ம்."

"சும்மாவே ஆடியிருக்கலாம் போல."

"எப்ப?"

"எப்பயும்."

அம்மா துணியைப் பிழிந்தாள். தண்ணீர் எல்லாம் வடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நான் கூப்புட்டப்ப நீ சிரிப்ப அடக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தல்ல? டிவியில தெரிஞ்சுச்சு."

"நான் சிரிக்கல" என்றாள் அம்மா.

அப்பா அவளைப் பார்த்தார். அவள் துணி பிழிந்த கையைத் தன் கைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார். நான் செம்பை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு அவர் படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அண்ணனுக்கு லீவு கிடைத்தது. திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தான். அவனிடம் நாங்கள் எதையும் சொல்லியிருக்கவில்லை. போனில் சொல்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. பையைக் கூடக் கீழே வைக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்பாவுக்கு அப்போது குரல் எழும்பவில்லை. மூச்சில்தான் பேசினார்.

"அப்பா, அந்தப் படம்…" என்று அண்ணன் ஆரம்பித்தான். "நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ப்பா…"

அப்பா கையை லேசாகத் தூக்கினார்.

"டப்பிங் முடிஞ்சிருச்சாடா?"

அண்ணன் நிறுத்திவிட்டான். என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றான்.

"எம் பேரு போட்டிருக்கானா?"

"போட்டிருக்குப்பா. மொதப் பேரே ஒங்க பேருதான்."

"மொதல்ல வேணாம்." அப்பா மூச்சை இழுத்துக்கொண்டார். "டைரக்டர் பேரப் போடச் சொல்லு. அந்தப் புள்ள இல்லேன்னா அங்க ஒண்ணுமில்ல."

அண்ணன் அழுதுகொண்டே சிரித்தான். "சொல்லிர்றேன்ப்பா, இன்னைக்கே சொல்லிர்றேன்." அப்பாவும் சிரித்தார். உதட்டோரம் லேசாக இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். அம்மா வெளியே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். சற்று முன்புதான் நான் காட்டியிருந்தேன்.

அப்பா அடுத்த செவ்வாய்க்கிழமை இறந்துபோனார்.

கருமாதி முடிந்து அண்ணன் கிளம்பினான். வாடகைக் கார் வாசலில் நின்றது. அம்மா நிலக்கடலைப் பருப்பும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். அவன் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"ஒரு வகையில நல்லதும்மா" என்றான். "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போச்சு. நம்பிக்கிட்டே போயிட்டாரு. சொல்லியிருந்தேன்னா என்னைய நெனச்சு எம்புட்டு வருத்தப்பட்டிருப்பாரு."

அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாய்யா" என்றாள். "நம்பிக்கிட்டுத்தான் இருந்தாரு. நேரத்துக்குச் சாப்புடு."

கார் ரோட்டில் ஏறித் திரும்புவது வரை கையசைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன்ட்ட சொல்லிறாத" என்றாள் என்னிடம்.

"சொல்லலம்மா."

உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கதவைச் சாத்தினேன்.